விலை மெயில்களைக் கழித்த கதை

போடியில் ஏலக்காய்க் கடைகளுக்குக் கம்ப்யூட்டர் பார்க்கிறவன் நான். ரிப்பேர்கூடச் சுலபம், ஒரு பழைய மெயிலை அழிக்கச் சம்மதம் வாங்குவதுதான் பெரும்பாடு. உங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒருவர் இருப்பார், இல்லாமல் போகாது.

கருப்புத் திரை

சிலமலைக்காரர் சுருளி அண்ணன் மலை ஏலக்காய் வாங்கி வெளியூருக்கு அனுப்புகிறவர். அவர் மகள் கவிதா விடுதியில் தங்கி நர்சிங் முடித்து, வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். விண்ணப்பத்தில் அப்பாவின் கடை மெயிலைக் கொடுத்திருந்தாள். பெட்டி நிரம்பிக் கிடந்ததால் வேலை உத்தரவு திரும்பிப் போய்விட்டது. சாயங்காலம் மறுபடி அனுப்புவார்களாம். அப்போதும் திரும்பினால் வேலை அடுத்த ஆளுக்கு.

மெயில் பக்கம் திறக்கவே மறுத்தது. நேரே சர்வருக்குள் போய், கருப்புத் திரையில் கட்டளை தட்ட ஆரம்பித்தேன். அண்ணன் எட்டிப் பார்த்துப் பதறினார்.

"கலர்ல இருந்தத இப்பிடிக் கருப்பாக்கிப்புட்டியேப்பா, புள்ள வேலைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

உள்ளங்கைப் பழக்கம்

பெட்டியை அடைத்திருந்தவை வருஷக்கணக்காகத் தினமும் வந்த ஏலக்காய் விலை மெயில்கள். எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பு, 'இன்றைய விலை'. ஒரு வரி தட்டினால் மொத்தமும் போய்விடும் என்றேன். அண்ணன் முகம் வாடியது. பழைய விலையை வைத்துக் கும்பிடவா போகிறீர்கள் என்று கேலி செய்தேன். ஏலக்காய்க்காரர்கள் காயை உள்ளங்கையில் உருட்டிப் பார்க்காமல் கழிக்க மாட்டார்கள். அந்தப் பழக்கம் மெயிலையும் விடவில்லை.

"மொதல்ல சாம்பிள் காட்டு. பாக்காம ஒரு காயக்கூட நான் கழிச்சதில்ல."

சாம்பிள்

அழிக்காமல், எதெது போகும் என்று மட்டும் காட்டும் கட்டளையைத் தட்டினேன். வரிசை ஓடியது. அண்ணன் திரையில் விரல் வைத்தார். விலை மெயில்களுக்கு நடுவே கவிதாவின் பெயர், அதுவும் வரிக்கு வரி.

மகள் விடுதிக்குப் போனதிலிருந்து, என்ன எழுதுவதென்று தெரியாமல் அண்ணன் தினமும் விலை மெயிலையே அவளுக்கும் அனுப்பியிருக்கிறார். அவளும் அதிலேயே பதில் போட்டிருக்கிறாள், அதனால் தலைப்பும் அதேதான். இதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் மனிதர் சாம்பிள் கேட்டிருக்கிறார். என் ஒற்றை வரி அத்தனையையும் துடைத்திருக்கும். ஒரு பதிலைத் திறந்தேன்.

"யப்பா, ஏலக்கா வெல எனக்கு எதுக்கு? சாப்டாச்சான்னு ஒரு வார்த்த கேட்டா என்னவாம்?"

உத்தரவு வந்தது

கவிதாவின் பதில்களை ஒதுக்கிவிட்டு மீதியை அழித்தேன். சாயங்காலம் வேலை உத்தரவு வந்து சேர்ந்தது. கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அண்ணன் டீ சொன்னார். அப்புறம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெல்லக் கேட்டார்.

"ஏப்பா, புள்ள அம்புட்டுத் தூரம் போனாலும் தெனம் வெல அனுப்பலாம்ல?"

நான் பாடுபட்டுக் காலி செய்த பெட்டியில் மறுநாள் காலையிலேயே 'இன்றைய விலை' வந்து உட்கார்ந்துவிட்டது, என் கம்ப்யூட்டர் தொழில் படுக்கவே படுக்காது.