கொக்கியில் ஒரு மஞ்சள் துணி

அக்காவின் நினைவு மலரை என் அசட்டுத்தனத்தில் தொடங்குவது முறையல்லதான். ஆனாலும், அவர் வேலை பார்த்த தொழிற்சாலையில் நாற்பது பெண்களின் கையில் பலூனைக் கொடுத்து ஊதச் சொன்னவன் நான். ஊழியர்களுக்கு உற்சாகமூட்டுவது என் தொழில். உறவினர்கள் பலர் அதை இன்னமும் ஒரு வேலையாக ஒப்புக்கொள்ளவில்லை, அக்காவும் ஒப்புக்கொண்டதில்லை.

அக்கா பிறந்தது படப்பையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் ஊரில். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அக்கா பத்தாவதோடு நிறுத்திக்கொண்டு, தையல் கம்பெனிக்குப் போய் என்னைப் படிக்க வைத்தார். படித்ததன் விளைவை மேலே சொல்லிவிட்டேன்.

பிறகு அக்கா ஒரகடத்தில், கார்களுக்கு வயர் கட்டும் லைனில் சேர்ந்து சூப்பர்வைசர் ஆனார். அங்கே தென் மாவட்டங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கிய பெண்கள்தான் அதிகம். சேர்ந்த வேகத்தில் விலகினார்கள். இன்னும் ஐந்து பேர் போனால் லைனையே மூடிவிட்டு, அக்காவைப் பழைய வேலைக்கு இறக்கிவிடுவதாக மேலாளர் சொல்லிவிட்டார். அப்போதுதான் என்னை அழைத்தார்கள்.

மனக்குறையைப் பலூனில் எழுதி உடைத்துவிட்டால் பாரம் குறையும் என்பது என் வகுப்பின் சாரம். எழுதினார்கள். அக்கா வரிசை நெடுக ஒரு நடை நடந்தார். நாற்பது பலூனும் உடைந்தன. மேலாளர் கைதட்டினார்.

"ஒடைக்கச் சொன்னியே, இன்னா எழுதிகீதுங்கன்னு படிச்சியாடா?" என்றார் அக்கா.

"அது ரகசியம்கா. படிக்கக் கூடாது."

"நான் படிச்சேன். பாதிக்கு மேல பாத்ரூம்னு எழுதிகீதுங்க."

லைனில் ஒருவர் எழுந்தால் அந்த இடத்துக்கு மாற்று ஆள் வேண்டும். அதை ஷிப்ட் இன்சார்ஜாக இருந்த ஆணிடம் கேட்கக் கூசி, தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறார்கள். நீர்க்கடுப்பில் காய்ச்சல் வரும், லீவு போடுவார்கள், பிறகு வரமாட்டார்கள். "இத்தினி நாளு நானும் கேக்காம வுட்டேன் பாரு" என்றார்.

மறுநாள் ஒவ்வொரு மேசையிலும் ஒரு கொக்கி மாட்டினார். துடைக்கும் மஞ்சள் துணியை அதில் தொங்கவிட்டால் போதும். அக்கா வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்வார். எங்கே, எவ்வளவு நேரம் என்று கேட்கமாட்டார். சூப்பர்வைசர் லைனில் உட்காரலாமா என்று மேலாளர் முகம் சுளித்தார்.

"நின்னுகினு அதட்டுனா மட்டும் வயரு தானா கட்டிக்குமா சார்?"

அதன்பின் அந்த வருடம் விலகியவர்கள் இரண்டே பேர், இருவருக்கும் கல்யாணம். லைன் பிழைத்தது. அந்தக் கொக்கிக்கு நான் ஒரு பெரிய பெயர் சூட்டிப் பல கம்பெனிகளில் வகுப்பெடுத்தேன். எங்கும் அக்காவைக் குறிப்பிட்டதில்லை. இங்கே குறிப்பிடுகிறேன்.

கடைசி மூன்று வாரம் அக்கா மருத்துவமனையில் இருந்தபோது, அந்தப் பெண்கள் ஷிப்ட் முடிந்து முறைவைத்து வந்தார்கள். தென்காசிப் பக்கத்து மாரியம்மாள் வந்த முதல் நாளே, "எந்திரிங்கண்ணே, நான் இருந்துக்கிடுதேன்" என்று என் நாற்காலியில் உட்கார்ந்தார். எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்று கேட்கவில்லை.

அவர்களுக்கும், அக்காவைக் கண்ணாகப் பார்த்துக்கொண்ட மாமாவுக்கும், மருத்துவர்களுக்கும், கூப்பிட்டபோதெல்லாம் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஆட்டோ கொண்டுவந்தவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அக்காவின் இடத்தில் இப்போது மாரியம்மாள்தான் சூப்பர்வைசர். அச்சுக்குப் போகுமுன் லைனுக்கே போய் அவரிடம் இதைப் படித்துக் காட்டினேன். பாதியில் எழுந்துவிட்டார்.

"நல்லாத்தான் இருக்குண்ணே. மீதிய நீங்களே படிச்சுக்கிடுங்க. அங்க துணி தொங்குது."