தண்ணீர் மேற்கே போகும் ஊர்

கையகலத்தில் ஒரு பழுப்பு அட்டை. ஆய்வுக்கூடத்தில் விதைப் பொட்டலங்களோடு சேர்த்துக் கட்டுகிற சாதாரண அட்டைதான். அதில் நீல மையால், கொட்டைக் கொட்டையாக, தெருப்பெயர், வீட்டு எண், ஊர்ப்பெயர் என்று எல்லாவற்றையும் தமிழில் எழுதினேன். எழுதி அப்பாவின் சட்டைப் பையில் வைத்துவிட்டு, எவ்வளவு பொறுப்பான மகள் நான் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். பதினெட்டு வருடம் ஆகிவிட்டது. அந்த அட்டையை நினைத்தால் இன்றைக்கும் முகம் சுடுகிறது.

நெதர்லாந்தின் லெய்டன் என்று சொன்னாலே நம்மவர்கள் சோழர் செப்பேட்டைத்தான் விசாரிப்பார்கள். ஆராய்ச்சிப் படிப்புக்காக இரண்டு வருடம் அந்த ஊரில் இருந்தவள் என்பதால், பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. என் லெய்டன் வேறு. காலையில் கண் விழித்தால் ஆற்றுத் தண்ணீரின் வெளிச்சம் வீட்டுக் கூரையின் உட்புறத்தில் நெளிந்துகொண்டிருக்கும். எழுந்திருக்க மனமே வராது. சன்னலுக்குக் கீழே படகு போகிற சத்தம், செங்கல் பாவிய தெருவில் சைக்கிள் உருளும் சத்தம், எங்கோ ஒரு மணி. மழை பெய்கிறதா இல்லையா என்று கையை நீட்டிப் பார்த்தால்தான் தெரியும், மாவு சலிப்பது போல அத்தனை மெல்லிசாக விழும். பூதலூர்ப் பக்கம் வாய்க்கால் கரையில் வளர்ந்த எனக்கு அங்கே எதுவும் அந்நியமாகத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டால் அதே ஈர மண் வாசம். இரண்டு வருடமும் பாதித் தூக்கத்திலேயே கழிந்தது போல இப்போது தோன்றுகிறது.

அந்த ஊரை அப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை. அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தவர். வாய்க்கால் மதகுகளின் ஷட்டரைத் திறப்பதும் மூடுவதும்தான் அந்த உத்தியோகம். தாத்தா காலம் வரை பிறர் வயலில் கூலிக்கு இறங்கிய குடும்பம் எங்களுடையது. அந்த வயல்களுக்குத் தண்ணீர் விடுகிற சாவி அப்பாவின் இடுப்பில் தொங்கியது. எந்த வாய்க்காலைப் பார்த்தாலும் ஒரு பூவரச இலையைக் கிள்ளித் தண்ணீரில் போடுவார். இலை போகிற வேகத்தைப் பார்த்தே கடைமடைக்குத் தண்ணீர் எப்போது போய்ச் சேரும் என்று சொல்லிவிடுவார். விமானம் என்றதும் அம்மா கையெடுத்துக் கும்பிட்டு ஒதுங்கிக்கொண்டாள். அதனால் அந்த முறை அப்பா மட்டும் தனியாக வந்து இறங்கினார்.

எங்கள் பக்கத்தில் வழி சொல்லும்போது இடது, வலது என்று யாரும் சொல்வதில்லை. அடுப்படியில் இருக்கும் பானையைக்கூட "கொஞ்சம் மேக்கால தள்ளி வை" என்பதுதான் வழக்கம். மேற்கு என்றால் மேலே, தண்ணீர் வருகிற பக்கம். கிழக்கு என்றால் கீழே, அது போகிற பக்கம். சூரியனையே பார்க்காமல் ஆற்றை வைத்துத் திசை சொல்பவர்கள் நாங்கள். நானும் அந்த மண்ணில் பிறந்தவள் என்பதால், அந்தப் புதன்கிழமை அப்பாவை ஆற்றோரச் சந்தைக்குப் பேருந்தில் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு, "பாத்து முடிச்சதும் இதே ஆத்தோரமா நேர் கிழக்கால நடந்தா நம்ம வீடு வந்துரும்பா" என்று சொன்னேன். அட்டையை அவர் பையில் வைத்தேன். வேலைக்குப் போய்விட்டேன்.

வீடு கிழக்கேதான் இருந்தது, ஆனால் அந்த ஊரில் கடல் மேற்கே இருக்கிறது. ஆறும் மேற்கு நோக்கித்தான் போகிறது. எனக்கு அது தெரியும். தெரிந்தது சமயத்தில் ஞாபகத்துக்கு வரவேண்டுமே! வானம் முழுக்க மூடியிருந்த ஐப்பசி மாதம். சூரியன் இருக்கிற இடமே தெரியாது. அப்பா பழக்கம் விடாமல் ஓர் இலையைக் கிள்ளித் தண்ணீரில் போட்டிருக்கிறார். அது மெதுவாக நகர்ந்த பக்கம்தான் கிழக்கு என்று, அதன் கூடவே நடந்திருக்கிறார். வீடுகள் தீர்ந்து புல்வெளி வந்தது, மாடுகள் வந்தன, அப்பா நடந்துகொண்டே இருந்தார். ஏதோ தப்பு என்று பட்டதும் எதிரில் வந்தவர்களிடம் அட்டையைக் காட்டினார். எல்லாரும் நின்று, மரியாதையாக வாங்கிப் பார்த்து, திருப்பிப் பிடித்தும் பார்த்து, சிரித்துவிட்டுக் கொடுத்தார்களாம். கடைசியில் ஒரு பெண்மணி அவரைத் தன் ஊர் ரொட்டிக்கடைக்கு அழைத்துப் போனார். அங்கே வேலை செய்தவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

நான் ஐந்து மணிக்கு வீடு திரும்பியபோது அப்பா இல்லை. இரண்டு மணி நேரம் பாலத்துக்கும் வீட்டுக்குமாக ஓடினேன். ரொட்டிக்கடை வேன் வந்து நின்று அப்பா இறங்கியபோது கும்பிட வேண்டும் போல இருந்தது. அப்போது அந்த மனிதர் அட்டையை என்னிடம் நீட்டிச் சிரித்தார். "அக்கா, இதைத் தமிழில எழுதிவிட்டா இஞ்ச ஆர் வாசிக்கிறது?"

அவர் கேலியாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு வாய் நீளம், வெட்கம் வந்தால் இன்னும் நீளும். அவர் முன்னாலேயே அப்பாவின் பக்கம் திரும்பினேன். "இது என்ன பூதலூரா, தண்ணியப் பாத்துக்கிட்டே நடக்குறதுக்கு? உங்களக் கூட்டிட்டு வந்ததே தப்பு." அப்பா நனைந்த செருப்பைக் கழற்றிச் சுவரோரமாக ஒழுங்காக வைத்தார். அதற்குப் பிறகு அங்கே இருந்த ஒன்பது நாளும், நான் கூட இல்லாமல் அவர் வாசலைத் தாண்டவில்லை. ஊருக்குத் திரும்பி, லெய்டன் எப்படி என்று கேட்டவர்களிடம், "அங்க தண்ணி மேல ஏறிப் போவுதுய்யா" என்று மட்டும் சொல்வாராம். நான் அவரைச் சொன்ன வார்த்தை என்னோடுதான் இருந்தது. பதினெட்டு வருடமாகத் தொலைபேசியில் எத்தனையோ பேசியிருக்கிறோம், அதை மட்டும் பேசவில்லை.

இந்த மே மாதம் மறுபடியும் லெய்டன் போனோம். என் மகளுக்குப் பள்ளி விடுமுறை. அப்பாவுக்கு எழுபத்தெட்டு ஆகிவிட்டது. அம்மாவும் இந்தத் தடவை துணிந்துவிட்டாள். பழைய வீட்டுக்கு அருகிலேயே, அதே ஆற்றங்கரையில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தேன். மன்னிப்புக் கேட்பதை விமானத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. முதல் நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். கூரையின் உட்புறத்தில் அதே வெளிச்சம் நெளிந்தது. படுத்துக்கொண்டு அதைப் பார்த்தபோது, நடுவில் வருடமே போகாதது போலவும், பக்கத்து அறையில் அப்பா இன்னும் அந்த நனைந்த செருப்போடு உட்கார்ந்திருப்பது போலவும் இருந்தது.

மூன்றாம் நாள் புதன்கிழமை. அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். "சந்தை வரைக்கும் ஒரு நட போயிட்டு வரேன். தனியா."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குள் மகள் தன் போனை நீட்டினாள். "இத எடுத்துட்டுப் போங்க தாத்தா, இதுல வழி தெரியும்."

"எதுக்குக் கண்ணு? வெலாசம் இருக்கு" என்றார் அப்பா. சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே அந்தப் பழுப்பு அட்டை.

"இதையா இன்னும் வச்சிருக்கீங்க?"

"வெலாசம் எழுதுனத எப்புடித் தூக்கிப் போடுறது? பின்பக்கம் சும்மாதான இருக்கு. இப்ப இருக்குற வீட்ட இந்த ஊரு எழுத்துல எழுதிக் குடு பாப்பா."

எழுதினேன். எழுதிவிட்டு அட்டையைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே சொன்னேன். "அப்பா, அன்னிக்குத் தப்பு என்னோடது. தண்ணி இங்க மேக்கால போவுதுன்னு சொல்லாம விட்டதும் நான், தமிழ்ல எழுதுனதும் நான். அவரு முன்னாடி உங்கள அப்படிப் பேசியிருக்கக் கூடாது." எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்பா அட்டையை என் கையிலிருந்து மெல்ல உருவினார். "நீயும் நேராத்தான் சொன்ன. நானும் நேராத்தான் நடந்தேன். ஊருதான் திரும்பிக் கெடக்கு" என்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஒரு மணி நேரம் போனது. இரண்டு மணி நேரமும் போனது. நான் பாத்திரத்தைத் தேய்ப்பதும் வாசலுக்குப் போவதுமாக இருந்தேன். "உக்காருடி. தண்ணியப் பாத்தே உத்தியோகம் பாத்த மனுஷன்" என்றாள் அம்மா. ஆனால் அவளும் சன்னலை விட்டு நகரவில்லை.

உச்சி வெயிலில் தூரத்தில் வெள்ளைச் சட்டை தெரிந்தது. அவசரமே இல்லாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அப்பா மேற்கேயிருந்து வந்துகொண்டிருந்தார். பாலத்தருகே நின்று ஓர் இலையைக் கிள்ளித் தண்ணீரில் போட்டார். அது அவர் வந்த வழியே மேற்கே போனது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

கிட்டே வந்ததும்தான் கவனித்தேன். அட்டையைச் சட்டைப் பையில், பாதி வெளியே தெரிகிற மாதிரி செருகியிருந்தார். தமிழில் எழுதிய பக்கம் வெளியே இருந்தது.