அடுத்த மாசம் ரெண்டு கப்பல் எண்டு ரசாக் நானாவுக்கு நான் சொன்னது

ரசாக் நானா மௌத்தாம்.

இப்ப கொஞ்சம் முதல்தான் அவற்ற மகள் கிண்ணியாவில இருந்து கோல் எடுத்துச் சொன்னா. காலமை நெஞ்சு நோவு எண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கினம்... போற வழியிலயே முடிஞ்சுது.

திருகோணமலை ஹாபரில என்னோட வேலை செய்த ஆக்களுக்கு அவரைத் தெரியும். மற்ற ஆக்களுக்குச் சொல்லுறன்... எங்கட ஷிப்பிங் ஏஜென்சிக்கு லோஞ்ச் படகு ஓடினவர். வெளியில நங்கூரம் போட்டு நிக்கிற கப்பலுக்கு எங்களையும் பேப்பர்களையும் கொண்டு போய், பத்திரமாத் திருப்பிக் கொண்டு வாறவர்.

முதல் தரம் கப்பல் ஏறப் போன நாள் நான் அழுதனான். லிங்கநகரில இருந்து ஸ்கூட்டியில ஒஃபிசுக்குப் போய் வந்த எனக்கு, ஆடுற படகில நிண்டு தொங்குற கயித்தேணியைப் பிடி எண்டால்...

நானா ரேடியோவை எடுத்து தன்ர இங்கிலிசில, "கேப்டன், லேடி கமிங், லேடர் டவுன், ஸ்லோலி ஸ்லோலி" எண்டார். மேல நிண்டவங்கள் சிரிச்சாங்கள். அவர் சிரிக்கேல்ல.

"மிஸ், கீழ பார்க்க வேணாம். நான் ஏறுங்க எண்டு சொல்லக்குள்ள மட்டும் காலைத் தூக்குங்க."

ஆறு வருசம். அவர் ஏறுங்க எண்டு சொல்லாமல் நான் ஒரு நாளும் கால் தூக்கினதில்ல.

பிறகு டொலர் இல்லாமப் போன காலம்... டீசல் கியூ, காஸ் கியூ எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எங்களுக்கு ஹாபரில ஒரு அமைதி. வெளிநாட்டுச் சாமான் எடுப்பிக்க பாங்கில எல்சி, அதுதான் காசுக்கு பாங்க் குடுக்கிற உத்தரவாதம், திறக்க ஏலாது. கோதுமைக் கப்பல் குறைஞ்சுது, சிமெந்துக் கப்பல் நிண்டுது. விடிஞ்சு பார்த்தால் வெறும் தண்ணி.

ஒரு திங்கட்கிழமை கொழும்பில இருந்து மனேஜரின்ர ஈமெயில் வந்தது. எங்கட கப்பல்கள் இனித் திருகோணமலைக்கு வராது, எப்ப திரும்ப வரும் எண்டும் தெரியாது.

கீழ இன்னொரு வரி. படகுக்காரருக்கு இதைச் சொல்ல வேண்டாம், விட்டிட்டுப் போனால் பிறகு ஆள் பிடிக்க ஏலாது.

என்ர கொழும்பு ட்ரான்ஸ்பர் பேப்பரும் அதே மனேஜரின்ர மேசையிலதான் கையெழுத்துக்குக் கிடந்தது.

அந்தக் கிழமையே நானா ஒஃபிசுக்கு வந்தார். கையில கட்டார் நாட்டில இருந்து வந்த கடிதம். கப்பல் இழுக்கிற டக் போட்டில வேலை, மெடிக்கலும் பாஸ். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் குடுக்க வேணும்.

கதிரையில இருங்கோ எண்டன். இருக்கேல்ல.

"மிஸ், கடைசி மகளுக்கு ஒம்பது வயசு. புள்ளைய விட்டுட்டுப் போக மனமில்ல. நீங்க கம்ப்யூட்டர்ல பார்க்கிற ஆள்... கப்பல் வருமா?"

"ஓம் நானா, வரும். அடுத்த மாசம் ரெண்டு இருக்கு."

சொன்னதோட நான் நிக்கேல்ல. ஸ்கிரீனை அவர் பக்கம் திருப்பி, கான்சலாகிப் போன பழைய அட்டவணையைக் காட்டினனான்.

அவருக்கு அதை வாசிக்கத் தெரியாது. என்ர முகத்தைத்தான் பார்த்தார்.

"மிஸ் சொன்னாச் சரி."

கட்டாருக்கு இல்லை எண்டு சொல்லிட்டார். வேற இடம் தேடின மற்ற ரெண்டு படகுக்காரரையும், "மிஸ் சொல்லிட்டா, நில்லுங்க" எண்டு மறிச்சவர்.

அடுத்த மாசம் ஒண்டும் வரேல்ல. அதுக்கு அடுத்த மாசமும் இல்ல... எனக்கு ட்ரான்ஸ்பர் மட்டும் வந்தது.

நானா புல்மோட்டைப் பக்கம் ஆரோ ஒராளின்ர படகில மீனுக்குப் போனார். அம்பது வயசுக்குப் பிறகு வலை இழுக்கிற வேலை. லோஞ்ச் கரையில ஏத்தினபடி கிடந்து பழுதாப் போச்சு எண்டு கேள்விப்பட்டன்.

கொழும்புக்கு வந்த பிறகும் எனக்கு வொய்ஸ் மெசேஜ் அனுப்புவார். "மிஸ், தூரத்தில ஒண்டு போகுது. நம்மட கப்பலா?"

கேட்பன். பதில் போடமாட்டன். நான் கேட்டிட்டன் எண்டு அவற்ற போனில நீலக் குறி காட்டியிருக்கும்...

போன வருசம் எங்கட கப்பல்கள் திரும்ப வரத் தொடங்கிச்சுது. ஆனா அதுக்கு இப்ப வேற படகு, வேற ஆக்கள்.

முதல் கப்பல் வந்த அண்டைக்கும் நானாவிட்ட இருந்து மெசேஜ். காத்துச் சத்தத்துக்குள்ள கத்துறார்.

"மிஸ்! வந்திட்டு! கரையில நிண்டு பார்க்கிறன். நீங்க சொன்னது பொய்க்கல்ல பாருங்க. கொஞ்சம் சுணங்கிட்டு, அவ்வளவுதான்!"

அப்பவாவது சொல்லியிருக்கலாம்.

ஒரு சிரிச்ச முகம் அனுப்பினனான்.

இண்டைக்கு மகள் கேட்டா, "வாப்பா வீட்டில உங்களப் பத்தி நல்லாக் கதைப்பார் மிஸ். மையத்து அடக்கத்துக்கு வருவீங்களா?"

லீவு எடுக்க ஏலாது எண்டன். அதுவும் பொய். நான் இண்டைக்கு லீவிலதான் வீட்டில இருக்கிறன்.

ஒஃபிஸ் குரூப்பில எல்லாரும் கும்பிடுற கை போடுகினம். நான் போடேல்ல... இதுக்குக் கீழ தயவு செய்து எனக்கு ஆறுதல் எழுதாதேங்கோ.

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு கிண்ணியாவில அடக்கம். கிட்டடியில இருக்கிற ஆக்கள் போங்கோ.

ரசாக் நானா... அந்த மாசம் கப்பல் இருக்கேல்ல. தெரிஞ்சுதான் சொன்னனான்.

போயிட்டு வாங்கோ.