ஐந்தருவியில் எல்லாருக்கும் தடை

ரத்தப் புற்றுநோய்க்காக எனக்கு ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஸ்டெம் செல் கொடுத்தது என் அக்கா.

அதிலிருந்து, தொற்று வந்துவிடும் என்று எங்கள் வீட்டில் எனக்கு மட்டும் தனிச் சட்டம். கூட்டத்துக்குப் போகக்கூடாது, கடைச் சாப்பாடு கூடாது, தலையில் பூகூடக் கூடாது. தென்காசியில் இருந்துகொண்டு, போன சீசன் சாரலை ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன்.

போன வாரம் டாக்டர் சொன்னார்: "இனிமே அருவியில குளிக்கலாம்மா."

இன்று காலை நானும் அக்காவும் தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போனோம். அருவியில் வெள்ளம். போலீஸ்காரர் கயிறு கட்டி நிற்கிறார்.

அக்காவுக்கு வந்ததே கோபம்! "சார், இவ ஒன்றரை வருசமா காத்துக் கெடந்து வந்திருக்கா. இவள மட்டுமாவது விடுங்க."

"யாரையும் விட முடியாதும்மா. எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஏட்டி, தலையில எண்ணெயோட நிக்கோம். ஒனக்குச் சிரிப்பு வருதாக்கும்?"

"இல்லக்கா, எனக்கு மட்டும் கூடாதுன்னு சொல்லலியே!"

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். சுற்றிலும் எல்லாரும் போலீஸைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் சேர்ந்து ஆசை தீரத் திட்டிவிட்டு வந்தேன்.

குற்றாலத்துக்காரர்களே, தடையை எடுத்ததும் உடனே இங்கே சொல்லுங்கள். அருவியில்தான் தலையை அலசுவேன் என்று அக்கா எண்ணெயோடு உட்கார்ந்திருக்கிறாள்.