பின்பிரேக் இறுகியதற்கு என் எடை காரணமல்ல

கருகிய பிரேக் மணம்... றப்பரும் இரும்பும் சேர்ந்து தீய்ந்ததுபோல ஒன்று. அதோடு சீனக்குடாப் பக்கத்து உப்புக்காற்று. இந்த இரண்டும் சேர்ந்து மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

போன கிழமை என் வீட்டுக்காரர் அந்தப் பழைய மோட்டார் சைக்கிளின் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டு, "இவ ஏறினால் பிரேக் தானாகப் பிடிக்கும்" என்று எழுதியிருந்தார். கனபேர் சிரித்திருந்தீர்கள். சிரித்தவர்கள் எல்லோரும் இதையும் வாசியுங்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி. கலியாணமாகி நாலு மாதம். கிண்ணியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு முதல் நியமனம். இவர் துறைமுகத்தில் கிளாக்கர். தினமும் காலையில் உவர்மலை வீட்டில் இருந்து என்னை ஏற்றிக்கொண்டுபோய்த் துறையடியில் இறக்கிவிடுவார். அங்கிருந்து பாதை. தண்ணீரைக் கடக்கிற ஃபெரியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம்.

ஒரு பாதையைத் தவறவிட்டால் அடுத்தது வர அரை மணித்தியாலம். அதற்குள் அதிபர் வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு இழுத்துவிடுவார். கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தால் பிந்தினதாகக் கணக்கு. நானோ இன்னும் நிரந்தரமாகாத டீச்சர்.

அந்த மோட்டார் சைக்கிள் இரண்டு மைல் ஒழுங்காகப் போகும். பிறகு மெல்ல முனகும்... இழுக்கும்... சீனக்குடா வர அந்த மணம் வந்துவிடும். பின்சில்லின் டிரம்மில் கை வைக்க ஏலாது, அவ்வளவு சூடு. இறங்கி, சூடு ஆறும்வரை ரோட்டில் நிற்போம். சில நாள் அந்த நேரத்துக்குப் பாதை போய்விடும்.

ஒரே மாதத்தில் மூன்று முறை கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தேன். அதிபர் கூப்பிட்டார். நல்ல மனுஷன்தான், ஆனாலும் சொல்லிவிட்டார்.

"டீச்சர், இன்னொருக்கா பிந்தினா நான் கல்விக் கந்தோருக்கு எழுதத்தான் வேணும்."

உட்துறைமுகப் பக்கம் லத்தீப் நானா என்று ஒரு மெக்கானிக் இருந்தார். கைராசிக்காரர். முதல் தரம் டிரம்மைக் கழற்றி லைனிங்கைத் தேய்த்தார். இரண்டாம் தரம் கிறீஸ் பூசினார். மூன்றாம் தரம் ஸ்பிறிங் மாற்றினார். ஒவ்வொரு முறையும் சென்டர் ஸ்டாண்டில் நிற்பாட்டிச் சில்லைச் சுற்றிக் காட்டுவார். காற்றாடி மாதிரிச் சுற்றும். இவர் தனியே ஒரு ஓட்டம் ஓடிப் பார்ப்பார். ஒரு பிழையும் இல்லை.

நான் எங்கே நின்றேன்? ரோட்டுக்கு மற்றப் பக்கம், மரத்துக்குக் கீழே, குடையைப் பிடித்துக்கொண்டு. கராஜுக்குள் பொம்பிளைகள் போவதில்லை. யாரும் தடுத்ததும் இல்லை, யாரும் வா என்று கூப்பிட்டதும் இல்லை.

மூன்றாம் தரம் இரண்டு பேரும் ஏதோ கதைத்துவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்துதான் இவர் வாயைத் திறந்தார்.

"பைக்கில பிழை இல்லையாம். பாரம்தானாம். நீர் கொஞ்சம் சாப்பாட்டைக் குறைச்சா என்ன?"

எனக்கு அப்போது தொண்ணூற்றெட்டு இறாத்தல், நாற்பத்தைந்து கிலோகூட இல்லை! சேலை, குடை, புத்தகப்பை எல்லாம் சேர்த்தாலும் நூற்றைந்து தாண்டாது. இவருடைய அண்ணர் ஆஜானுபாகு மனுஷன். தம்பலகாமத்துக்கு அவரை ஏற்றிப் போனபோதும் இதே மோட்டார் சைக்கிள் இதேமாதிரி இழுத்தது. அன்றைக்கு என்ன சொன்னார்கள் தெரியுமா? "ரோட்டு சரியில்லை." அண்ணர் ஏறினால் ரோட்டுப் பிழை, நான் ஏறினால் என் பிழை!

ஆனாலும்... வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். நான் நம்பினேன். வேலை போய்விடும் என்ற பயத்தில் ஒரு மாதம் இரவுச் சோறு சாப்பிடவில்லை. பிளேன்டீயைக் குடித்துவிட்டுப் படுத்தேன். பிரேக் இறுகுவது நிற்கவில்லை. விடிய முதலே புறப்பட்டபடியால்தான் பிந்தாமல் தப்பினேன்.

ஒரு நாள் துறையடிக்குக் கிட்ட மறுபடியும் இறுகியது. நான் இறங்கியதும் இவர் தள்ளினார், உருண்டது. "நில்லுங்கோ" என்று ஏறி உட்கார்ந்து பார்த்தேன், அசையவில்லை. இறங்கினேன், உருண்டது. அந்த இடத்திலேயே மண்டையில் உறைத்தது. கராஜில் ஒரு நாளாவது நான் ஏறி இருக்க பிரேக்கைப் பார்த்தார்களா?

அந்தச் சனிக்கிழமை மரத்தடியில் நிற்கவில்லை. குடையை மடக்கிக்கொண்டு நேரே கராஜுக்குள் போனேன். அங்கே நின்றவர்கள் கதையை நிறுத்தினார்கள். இவருடைய முகம் செத்துப்போயிற்று.

"ஸ்டாண்டில இருந்து இறக்குங்கோ. இவர் முன்னால இருக்கட்டும். நான் பின்னால ஏறுறன். இப்ப பாருங்கோ நானா, பிரேக் கம்பியை."

லத்தீப் நானா குனிந்து பார்த்தார். தொட்டார். கம்பி கயிறு கட்டினமாதிரி விறைத்து நின்றது.

"ஸ்டாண்டில சில்லு தொங்கேக்க டைட் வெச்சிட்டன்... ரெண்டு பேரும் ஏறினா சில்லு மேல எழும்பிக் கம்பியை இழுக்குது. டீச்சர் இருங்க, இறங்க வேணாம்."

ஒரு நட். இரண்டரைச் சுற்றுத் தளர்த்தினார். அவ்வளவுதான்! பிறகு அந்த வருஷம் முழுக்க நான் கோட்டுக்கு மேலேதான் கையெழுத்து வைத்தேன். வேலையும் நிரந்தரமானது.

இவர் ஊரெல்லாம் சொன்னது, "லத்தீப் நானா கண்டுபிடிச்சிட்டார்."

இப்போது கிண்ணியாவுக்குப் பாலம். பாதையும் இல்லை, அவசரமும் இல்லை. அந்தக் காலைகளில் இவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாக இருந்து போனது நினைவுக்கு வந்தால் மனம் கொஞ்சம் இளகத்தான் செய்கிறது. போன மாதம் மகளோடு ஸ்கூட்டி சேர்விசுக்குப் போனேன். அங்கே நின்றவர் பிரேக்கைத் தொட முதலே சொன்னார், "அன்ரி, நீங்களும் ஏறி இருங்கோ. ஆள் இருக்கத்தான் பாக்கவேணும்." இப்போது என் எடை நூற்றைம்பது இறாத்தல். ஸ்கூட்டி முனகவே இல்லை.

இதை எழுதும்போது இவர் பின்னால் நின்று வாசித்தார். "சரியப்பா, என்ர பிழைதான் எண்டு எழுதிவிடும்" என்றார்.

"நான் ஏன் எழுதோணும்? உங்கட ஃபோனில, உங்கட பேரில, அந்தப் படத்துக்குக் கீழ நீங்களே எழுதுங்கோ. ஒரு மாசம் நான் சாப்பிடாத சோத்தையும் சேர்த்து எழுதுங்கோ."

கண்ணாடியைத் தேடுகிறேன் என்று போனவர், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். கண்ணாடி தலையில்தான் இருக்கிறது.