குரிபால் வண்டியின் இரண்டாவது கியர்

நெவ் என்கிற நெவில் ப்ரோக்டருக்கு எண்பத்து மூன்று வயது. யாரையும் நம்புவதில்லை. முன்பெல்லாம் நம்பினாரா என்றால் அதுவும் கிடையாது. ஆனால் அப்போது காரணமில்லாமல் சந்தேகப்பட்டார். இப்போது காரணமே ஊருக்குள் வந்து இறங்கிவிட்டது. அதன் பெயர் லிதியா, பிஜித் தீவுக்காரி, முதியோர் இல்லத்தில் வேலை.

அந்த இல்லம் ஒரு காலத்தில் பள்ளிக்கூடம். சேர்ப்பதற்குப் பிள்ளைகள் இல்லாமல் மூடினார்கள். பிறகு கட்டில்களைப் போட்டுத் திறந்தார்கள். ஒரே வாரத்தில் இடம் நிரம்பிவிட்டது. நெவ் வாய்ப்பாடு ஒப்பித்த வகுப்பறையில் இப்போது அவரோடு படித்த மூன்று பேர் படுத்திருக்கிறார்கள்.

குரிபால் என்ற அந்தக் கோதுமை ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படையில் நெவ்வையும் சேர்த்து ஏழு பேர். அதில் கடைக்குட்டி காலினுக்கு வயது அறுபத்தொன்பது. எல்லோரும் அவரைப் ‘பையன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஏணியில் ஏறச் சொன்னால் பையனுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். சிவப்புத் தீயணைப்பு வண்டியை ஓட்டும் கனரக உரிமம் நெவ் ஒருவரிடம்தான் மிச்சம். அதுவும் போய்விட்டால், கோடை பிறப்பதற்குள் தீயணைப்பு மேலிடம் வண்டியை எழுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊருக்குக் கொடுத்துவிடும். அங்கிருந்து அது வந்து சேர்வதற்குள் கோதுமையும் இருக்காது, குரிபாலும் இருக்காது.

ஆகவே நெவ் எச்சரிக்கையாக இருந்தார். தனியாக வாழ்கிறவர்கள் காலை எட்டு மணிக்குள் சன்னல் திரையை ஏற்றிவிட வேண்டும் என்பது ஊர் ஏற்பாடு. ஏறாவிட்டால் தபால் நிலையத்து மேவிஸ் போன் செய்வாள். எடுக்காவிட்டால் ஆள் கூட்டி வந்து கதவை உடைப்பாள். தாம் திடமாக இருப்பதை ஊருக்குக் காட்ட நெவ் ஐந்து மணிக்கே எழுந்து திரையை ஏற்றுவார். பிறகு போய் ஒன்பது வரை தூங்குவார்.

சனிக்கிழமைகளில் வண்டியைக் கிளப்பி மைதானத்தை ஒரு சுற்று சுற்றுவார், ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்தபடி. வெக்கைக்காக என்று சொல்லிக்கொண்டார். வண்டியின் முன்கண்ணாடி வழியாகப் பார்த்தால் பாதை மங்கல். குனிந்து தரையைப் பார்த்தால்தான் வெள்ளைக்கோடு தெரியும் என்பது அவருக்கு மட்டும் தெரிந்த சங்கதி.

அந்த நேரம் பார்த்து லிதியா வேலியோரம் வந்து நிற்பாள். கையில் ஒரு நோட்டு.

“என்ன மோமோ, இன்னிக்கு சீக்கிரமே கெளம்பிட்டீங்க?”

“யாரு உனக்கு மோமோ?”

“எங்க ஊர்ல மாமாவ அப்படித்தான் கூப்பிடுவோம்.”

“இங்க நெவ்னு கூப்பிட்டாப் போதும்.”

“சரிங்க, நெவ் மோமோ.”

சொல்லிவிட்டு நோட்டில் ஏதோ எழுதினாள். நெவ் நேராகத் தபால் நிலையத்துக்குப் போனார்.

“மேவிஸ், அந்தப் பொண்ணு என்னைய வேவு பாக்குது. மேலிடத்துல இருந்து அனுப்பியிருக்கானுங்க.”

“ஒன்னைய வேவு பாக்கறதுக்கு பிஜியில இருந்து ஆள் எறக்குறாங்களாக்கும்! அவ ஊர்ல ஆளு இருக்கு, வேலை இல்ல. இங்க வேலை இருக்கு, ஆளு இல்ல. அவ்வளவுதான். ஆளில்லாத ஊர்ல ஒனக்கு மட்டும் எப்படித்தான் இத்தனை எதிரி கெடைக்கிறாங்க?”

வருடாந்திர மருத்துவச் சோதனை வந்தது. நெவ் அஞ்சவில்லை. குரிபாலில் கண் சோதனைக்கு யாரும் கண்ணை எடுத்துப் போவதில்லை. பழைய டாக்டர் இருபது வருடமாக ஒரே எழுத்து அட்டையைத்தான் மாட்டியிருந்தார். அதன் கடைசி மூன்று வரிகள், புல்தரையில் பந்துருட்டி விளையாடும் கிளப்பில் பீர்க் கோப்பைக்கு மேலாக ஒரு கிழவர் இன்னொரு கிழவருக்கு ஓதி ஓதி, ஊருக்கே மனப்பாடம். மதுவிடுதிக்காரர் ஒரு கண்ணை இழந்த பிறகும் ஆறு வருடம் உரிமம் வைத்திருந்தார்.

அந்த வருடம் டாக்டர் புதியவர், சின்னப் பெண். நாற்காலியில் உட்காரவைத்து, “அந்தச் சுவரப் பாருங்க, மிஸ்டர் ப்ரோக்டர்” என்றார்.

நெவ் மார்பை நிமிர்த்தி, “எச், வி, இசட், டி, எஸ்” என்று தொடங்கி மூன்று வரிகளையும் கணீரென்று ஒப்பித்தார். இடையில் யோசிப்பதுபோல ஓர் இடத்தில் கண்ணைச் சுருக்கவும் செய்தார்.

“ரொம்ப அழகா சொன்னீங்க” என்றார் டாக்டர். “இருங்க, இப்பத்தான் சுவர்ல எழுத்துத் திரைய ஆன் பண்ணப் போறேன்.”

கனரக உரிமம் அன்றோடு போயிற்று. கார் ஓட்டலாம், பகலில், ஊருக்குள் மட்டும். அட்டை போய்ப் புதுத் திரை வந்த செய்தி முன்பே தமக்கு எட்டியிருக்க வேண்டும் என்று நெவ் நினைத்தார். எட்டாததற்கு யார் காரணம் என்பதிலும் அவருக்கு ஐயமே இல்லை.

மூன்றாம் நாள் லிதியா வண்டிக் கொட்டகைக்கு வந்தாள். சொந்த ஊரில் அப்பாவின் கரும்பு லாரியை ஏழு வருடம் ஓட்டியவளாம். போன மாதமே இங்கும் கனரக உரிமம் எடுத்தாகிவிட்டதாம். படையில் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டாள். நெவ்வைத் தவிர மற்ற ஆறு பேரின் கைகளும் உயர்ந்தன. அதில் காலின் மட்டும், “அப்ப நான் இனிமே பையன் இல்லையா?” என்று வருத்தப்பட்டுக்கொண்டே உயர்த்தினார்.

நெவ் வாதாடவில்லை. சாவியை அவரே எடுத்துக் கொடுத்தார், சிரித்துக்கொண்டு. ஏனென்றால் அந்த வண்டிக்கு ஒரு குணம் உண்டு. இரண்டாவது கியர் சும்மா விழாது. கிளட்சை மிதித்த இடது முழங்காலாலேயே கியர்க் கம்பியின் அடியில் ஓர் இடி. உடனே தன் பக்கம் இழுக்க வேண்டும். பதினோரு வருடமாக இந்தப் பழுதை அவர் யாருக்கும் சொன்னதில்லை, பழுதுப் புத்தகத்தில் எழுதியதும் இல்லை. உரிமத்தைப் பிடுங்கலாம், முழங்காலைப் பிடுங்க முடியுமா?

மறுவாரம் நடுப்பகலில், தானியக் குதிருக்குப் பின்னால் கோதுமை அறுத்த தாளில் தீப்பற்றியது. லிதியா ஓட்டுநர் இருக்கையில் தாவி ஏறினாள். நெவ், ரேடியோவைப் பார்த்துக்கொள்ள என்று, பக்கத்தில் ஏறினார். உண்மையில் அவர் வண்டி திணறுவதைப் பார்க்கத்தான் ஏறினார். முதல் கியர் விழுந்தது. வண்டி நகர்ந்தது. எதிரே புகை வளர்ந்துகொண்டிருந்தது. அதற்குள்ளே கோடு கோடாகச் சிவப்பு. அது அவர் கண்ணுக்கே தெரிந்தது. சொல்லிவிடலாமா என்று நெவ்வின் வாய் ஒருமுறை திறந்தது.

லிதியா முழங்காலால் ஓர் இடி இடித்து, கம்பியைத் தன் பக்கம் இழுத்தாள். இரண்டாவது கியர் வெண்ணெயாக விழுந்தது.

நெவ் அவள் பக்கம் திரும்பினார்.

“நோட்டுல எழுதுனது இதைத்தானா?”

“ஆமா மோமோ. நீங்கதான் கதவைத் தொறந்து வெச்சே ஓட்டுவீங்களே! இருபத்தேழு சனிக்கெழம. மொதல்ல முட்டி வலியோன்னு நெனச்சேன்.”

“அப்ப வேவுதான் பார்த்திருக்க.”

“பார்த்தேன்.”

நெவ் இருக்கையில் நன்றாகச் சாய்ந்தார். பல மாதங்களாக இல்லாத நிம்மதி முகத்தில் தெரிந்தது. “மேவிஸ்கிட்ட அன்னிக்கே சொன்னேன். சிரிச்சா.”

தாளில் நாலு ஏக்கர் போயிற்று, குதிர் தப்பியது. திரும்பி வரும்போது லிதியா கேட்டாள்: “இந்த வண்டியில இன்னும் என்னென்ன ஒளிச்சு வெச்சிருக்கீங்க?”

“ஒன்னோட வேலை ஒப்பந்தம் எப்ப முடியுது?”

“இன்னும் மூணு வருஷம் இருக்கு.”

“தண்ணி பம்புல ஒரு விஷயம் இருக்கு” என்றார் நெவ். “மூணாவது வருஷக் கடைசியில சொல்றேன்.”

வண்டியை நிறுத்தியதும் லிதியா பையிலிருந்து நோட்டை எடுத்தாள். வண்டியில் பம்பு இருக்கும் பக்கத்துக் கதவை, அவள் கண்ணில் படாதபடி, நெவ் போய்ச் சாத்திவிட்டு வந்தார்.