மீசையோடு காத்திருந்த பெரியப்பா

பிள்ளைகளே,

பெரியப்பா நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரை அச்சடிப்பவர், வேறு யாருக்கோ போட்ட பழைய மலர் ஒன்றை என் கையில் கொடுத்து, "இதையே வெச்சி பேரை மட்டும் மாத்திக்குங்க சார், எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க" என்றார். அதில் 'தொட்டதெல்லாம் துலங்க வாழ்ந்தவர்' என்று ஒரு வரி இருந்தது. பெரியப்பாவுக்குத் தொட்டது அப்படி ஒன்றும் துலங்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன். பத்தாவதோடு நின்ற படிப்பு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா பிறந்து வளர்ந்தது அம்பத்தூரில்தான். எங்கள் அப்பா சீக்கிரமே காலமாகிவிட்டதால், படிப்பை விட்டுவிட்டு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் வேலைக்குப் போனார். என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பியவரும், பாடியில் இருந்த தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைக்க அலைந்தவரும் அவர்தான். அவருக்கும் பெரியம்மாவுக்கும் குழந்தை இல்லை. உங்களைத்தான் அவர்கள் பிள்ளைகளாக நினைத்தார்கள்.

ஆயுத பூஜை வந்தால் எஸ்டேட்டில் தொழிலாளர்கள் நாடகம் போடுவார்கள். கதாநாயகன் வேஷம் எப்போதும் நிறமாக இருப்பவருக்குப் போய்விடும். பெரியப்பாவுக்கு மாமனார், ஏட்டு, வீட்டுக்காரர். ஆனால் ஜனங்கள் காத்திருந்தது அவருக்காகத்தான். தண்ணீர்ச் சண்டை நாடகத்தில் வீட்டுக்காரராக வந்து, "ஊடு என்னுது, கெணறு என்னுது, கவுறு என்னுது, தண்ணி மட்டும் இன்னா உங்க மாமியா ஊட்டு சீதனமா?" என்று ஒரே மூச்சில் கேட்பார். பின்வரிசையில் நிற்பவர்கள் விசில் அடித்து ஓயும்வரை அடுத்த ஆள் வாயைத் திறக்க முடியாது. மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல் அது.

எண்பதுகளின் கடைசியில் அவருக்கு டி.வி.யில் வாய்ப்பு வந்தது. வாரம் ஒருமுறை வரும் தொடர். காட்டுப்பாக்கத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஷூட்டிங் நடத்தினார்கள். பெரியப்பாவுக்கு அப்பா வேஷம். முதல் வாரமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய வேண்டும். வசனம் இல்லை. அதற்குப் பிறகு, தடித்த மீசையோடு அவரை ஸ்டூடியோவில் எடுத்த படம் கூடத்துச் சுவரில் மாலையோடு தொங்கும்.

தொடர் எடுத்த கம்பெனியின் மேனேஜர் சொன்னாராம்: "அண்ணாத்தே, வசனமெல்லாம் ஃபிளாஷ்பேக்ல வருது. மகள் அப்பாவை நெனைச்சிப் பாக்கற சீன். மொத்த வெயிட்டும் உங்க மேலதான். மீசையை மட்டும் எடுத்துடாதீங்க. கன்டின்யூட்டி முக்கியம்."

அந்த ஒரு வார்த்தையை நம்பித் தினமும் கண்ணாடி முன்னால் கத்தரிக்கோலோடு நிற்பார் பெரியப்பா. மீசை அதே அகலத்தில் இருக்க வேண்டுமே!

படத்துக்கு வாராவாரம் மாலை மாறியது. பெரியம்மா தொடர் முடிந்ததும் எழுந்து போய் உப்பும் மிளகாயும் எடுத்துவந்து அவருக்குச் சுற்றிப் போடுவார். "உசுரோட குந்திகினு கீற மனுசனுக்கு மாலை. இதுக்குப் பேரு வேஷமா?" என்று அழுவார்.

ஒருநாள் காலை வேப்பம்பட்டிலிருந்து எங்கள் அத்தை மாரில் அடித்துக்கொண்டு தெருவில் ஓடிவந்தார். பக்கத்து வீட்டு டி.வி.யை எட்டிப் பார்த்திருக்கிறார். மாலையும் விளக்கும் கண்ணில் பட, முதல் ரயிலைப் பிடித்துவிட்டார். கதவைத் திறந்ததே பெரியப்பா. வாயில் பல்பொடி.

"அடப்பாவி, நீ கீறியா?"

"கீறேன் அத்த. வா, காபி குடி."

"மாலை போட்டு வெளக்கு வெச்சிகினு கீறானுங்களேடா! நானே என் கண்ணால பாத்தேன்."

"நடிப்பு எப்டி இருந்திச்சி?"

"இன்னா நடிப்பு? கண்ணுகூட சிமிட்டல நீ."

"அதான் அத்த நடிப்பு" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் அன்று காபியைக் குடிக்காமலே வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

அதே சமயத்தில்தான் எஸ்டேட் நாடகக் குழுவின் வாத்தியார் ஒரு புதிய நாடகம் எழுதினார். அவர் இரும்பு வார்க்கும் ஃபவுண்டரியில் வேலை பார்த்தவர். கல்யாணச் சமையல்காரர் ஒருவரைப் பற்றிய கதை. முதல் காட்சி தொடங்கிக் கடைசி வரை அவர்தான். பெரியப்பாவை மனதில் வைத்தே எழுதியது. ஆனால் சமையல்காரருக்கு மீசை கிடையாது.

வாத்தியார் எங்கள் வீட்டுக்கே வந்தார். "மாமே, ஒரு மீசைதானே? வழிச்சிட்டு வா. மறுபடியும் மொளைக்கப் போவுது."

"அவங்க கூப்புடற அன்னிக்கு மொளைக்கணுமே, வாத்தியாரே?"

"ஒட்டு மீசை வெச்சிக்க."

"கிட்ட வெச்சி எடுப்பாங்க. கேமராவுக்குக் கோந்து தெரியும்."

"அப்ப அந்த போட்டோவுக்காக இந்த வேஷத்தை வுடறே?"

"போட்டோ இல்ல வாத்தியாரே. ஃபிளாஷ்பேக்."

நானும் எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. அந்த வேஷத்தை வேறொருவர் போட்டார். நாடகம் அம்பத்தூரைத் தாண்டி ஆவடி, பூந்தமல்லி, பிறகு சென்னை சபாக்கள் என்று போனது. முதல் நாள் பெரியப்பா என் பக்கத்தில் மீசையோடு உட்கார்ந்து எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார். நான் மேடையைப் பார்க்கவில்லை, அவர் உதட்டைத்தான் பார்த்தேன். அந்தச் சமையல்காரரின் வசனம் முழுவதும் அவருக்கு மனப்பாடமாக இருந்தது. சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டே வந்தார்.

தொடர் முடிந்தது. கடைசி வாரம் மகளுக்குக் கல்யாணம். அவள் படத்தின் முன்னால் விழுந்து கும்பிட்டாள், இசை வந்தது, பெயர்கள் ஓடின. ஃபிளாஷ்பேக் வரவேயில்லை. மறுநாள் பெரியப்பா மீசையை எடுத்துவிட்டார். அந்தப் படத்தைச் சட்டத்தோடு கம்பெனி அவருக்கே கொடுத்தது. அதன்பிறகு வந்த வாய்ப்புகளும் அதேதான். "செத்துப்போன தாத்தா போட்டோவுக்கு ஒரு நல்ல முகம் வேணும்" என்று கூப்பிடுவார்கள். போவார். எதற்குப் போகிறீர்கள் அண்ணே என்று சண்டை போட்டிருக்கிறேன். "என்னிக்காவது எவனாவது பேசச் சொல்லுவான்டா" என்பார். யாரும் சொல்லவில்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கோபமாகத்தான் வருகிறது. கம்பெனிக்காரர்கள் மேலா, அவர் மேலா என்று தெரியவில்லை.

கடைசியில் நெஞ்சுவலிதான் வந்தது. இந்த முறை நிஜம். வேப்பம்பட்டில் அத்தை வீட்டுப் பக்கத்துக் கடைக்குப் போன் செய்து, பெரியப்பா போய்விட்டார் என்று அத்தைக்குச் சொல்லச் சொன்னோம். "இன்னொரு தபா நான் ஏமாற மாட்டேன், போடா" என்று சொல்லிவிட்டாராம். இரண்டாவது போனுக்குப் பிறகுதான் கிளம்பினார். பாடையைத் தூக்கப் போகும் நேரத்தில் வந்து சேர்ந்து, பெரியப்பாவின் முகத்தருகே குனிந்து, "நல்லாதான்டா நடிக்கற, போதும், கண்ணை சிமிட்டு" என்றார். உங்களில் பெரியவர்களுக்கு அது நினைவிருக்கும்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச்சென்ற எதிர்வீட்டுத் தம்பிக்கும், வேலைக்குப் போகாமல் கூடவே இருந்த லேத் நண்பர்களுக்கும், பாடையில் முதல் தோள் கொடுத்த நாடக வாத்தியாருக்கும், ஓராண்டாகப் பெரியம்மாவைத் தனியே விடாத தெருப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த மலரின் அட்டைக்கு அந்தச் சட்டம் போட்ட படத்தையே போடலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். தெளிவான படம், முகமும் லட்சணமாக இருக்கிறது என்றார்கள். பெரியம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "அந்தப் படத்துக்கு வேண்டிய மாலை எல்லாம் போட்டாச்சி" என்றார்.

அதனால் தண்ணீர்ச் சண்டை நாடகத்தில் யாரோ எடுத்த படத்தைப் போட்டிருக்கிறோம். எடுத்தவர் கை ஆடியிருக்கிறது, முகம் கலங்கியிருக்கிறது, வாய் திறந்திருக்கிறது. துக்க மலருக்கு இப்படியா போடுவது என்று யாராவது உங்களிடம் கேட்டால் சொல்லுங்கள், பிள்ளைகளே: எங்கள் பெரியப்பா பேசிக்கொண்டிருக்கிறார்.

உங்கள் அப்பா